பாடாங் செராயில் நம்பர் கடை மூடியாச்சு, கெந்திங் மட்டும் எப்படித் திறந்திருக்கிறது?

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராயிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "2023 பிறந்ததிலிருந்து எங்கள் டவுனில் நாலு நம்பர் (நாலு இலக்க லாட்டரி) கடை கிடையாது. மதத்துக்கு ஆகாது என்று மூடினார்களாம். நாங்கள் முஸ்லிம் இல்லையே, எங்களை இது எப்படிக் கட்டும்? மதம்தான் காரணமென்றால் கெந்திங் மலைக் கேசினோ எப்படித் திறந்திருக்கிறது? கடைசியாக ஒன்று, கோயில் திருவிழாச் செலவுக்கு லக்கி டிரா டிக்கெட் விற்கலாமா?" மூன்று கேள்விபோல இருந்தாலும் முதல் இரண்டும் ஒன்றேதான். இந்த நாட்டில் சூதாட்டத்துக்கு வாசல் திறப்பது யார், அடைப்பது யார், அந்த வாசலில் மதம் எங்கே நிற்கிறது என்பதுதான் கேட்கப்படுவது. சட்டமும் கொள்கையும் தெரிந்த அளவில் சொல்கிறேன். கையில் சம்மனோ வழக்கோ இருந்தால் இதை வைத்துக்கொண்டு நிற்காமல் வழக்கறிஞரிடம் போங்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் இரண்டு பட்டியல்கள் முக்கியம். கூட்டரசுப் பட்டியலில், சிவில் மற்றும் குற்றவியல் சட்டத்தின் கீழ், 'பந்தயமும் லாட்டரியும்' என்று எழுதியே இருக்கிறது. மாநிலப் பட்டியலின் முதல் உருப்படி இஸ்லாமியச் சட்டம். அதன்படி மாநிலம் சமயக் குற்றங்களை வகுக்கலாம். ஆனால் அவை இஸ்லாத்தைத் தழுவியவர்களுக்கு மட்டுமே, அதுவும் கூட்டரசுப் பட்டியலில் இல்லாத விஷயங்களில் மட்டுமே. ஷரியா நீதிமன்றத்துக்கு உங்கள்மீது எந்த அதிகாரமும் இல்லை. முஸ்லிம்கள்மீது விதிக்கும் தண்டனைக்கும் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கூரை போட்டிருக்கிறது: 3 ஆண்டு சிறை, 5,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், 6 பிரம்படி. கூட்டரசுப் பிரதேசங்களில் சூதாடும் முஸ்லிமுக்கு 1997-ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் 3,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் கெடா எந்தச் சாவியைப் போட்டுப் பூட்டியது? சமயச் சட்டத்தைத் தொடவே இல்லை. ஒரு நம்பர் கடை நடக்க இரண்டு காகிதம் வேண்டும். குலுக்கல் நடத்தும் நிறுவனத்துக்கு நிதியமைச்சு தரும் லைசென்ஸ் ஒன்று. அந்தக் கடைவீட்டில் வியாபாரம் செய்யவும் பலகை மாட்டவும் ஊராட்சி மன்றம் தரும் லைசென்ஸ் இன்னொன்று. உங்கள் டவுனுக்கு அது கூலிம் நகராண்மைக் கழகம். முதல் காகிதம் புத்ராஜெயாவின், அதாவது கூட்டரசின் கையில், இரண்டாவது மாநிலத்தின் கையில், ஏனென்றால் ஊராட்சி மாநிலப் பட்டியலில் வருகிறது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பொதுவான கொள்கை விஷயங்களில் மாநில அரசு ஊராட்சிகளுக்குக் கட்டளையிடலாம் என்கிறது. 107-ஆம் பிரிவு, மன்றம் தந்த லைசென்ஸைக் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் போதும். 2021 நவம்பரில் கெடாவின் மந்திரி புசார் (மாநில முதல்வர்) முகமட் சனுசி, சூதாட்டக் கடைகளின் லைசென்ஸ் இனிப் புதுப்பிக்கப்படாது என்று அறிவித்தார். இருந்தவை ஒவ்வொன்றாகக் காலாவதியாகி, 2023 ஜனவரி 1 முதல் கெடாவில் கடையே இல்லை என்றானது. கிளந்தான் மாநிலத்தில் 1990-இல் இஸ்லாமியக் கட்சியான பாஸ் ஆட்சிக்கு வந்த பிறகு நம்பர் கடைகள் மறைந்ததற்கும் ஏறக்குறைய இதே சாவிதான்.

ஆக, உங்களைக் கட்டுவது சமயச் சட்டம் கிடையாது. கடைக்காரருக்குப் பலகை லைசென்ஸ் இல்லை, அதனால் உங்களுக்குக் கடை இல்லை. நீங்கள் கூலிமைத் தாண்டி, பினாங்கு மாநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய் லைசென்ஸ் உள்ள கடையில் நம்பர் எடுத்தால் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இந்த வேறுபாட்டை நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. 'நம் மேல் ஷரியாவைத் திணிக்கிறார்கள்' என்ற புகார் சட்டப்படி குறி தவறிய புகார். குறி தவறாத கேள்வி வேறு: கூட்டரசு அனுமதித்த ஒரு தொழிலை, ஊராட்சி லைசென்ஸ் என்ற பக்கவாசல் வழியாக ஒரு மாநிலம் முழுக்க நிறுத்தலாமா? நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது இதைத்தான். ஒரு கடை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் லைசென்ஸ் இல்லை என்று மன்றம் சொன்னால் அது ஊராட்சி வேலை. மாநிலத்தில் ஒரு கடைகூடக் கூடாது என்றால் அது ஊராட்சியா, பந்தயச் சட்டம் இயற்றுவதா? கோடு அங்கேதான் மங்குகிறது. 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், கிளந்தான் ஷரியா குற்றச் சட்டத்தின் 16 விதிகளை 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் செல்லாது என்றது. அடிபட்டவற்றில் சூதாட்டம் பற்றிய ஓர் உட்பிரிவும் உண்டு. கூட்டரசுக்குச் சொந்தமான விஷயத்தில் மாநிலம் கை வைக்கக் கூடாது என்ற தர்க்கம் அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த வழக்கு மாநிலச் சட்டமன்றம் இயற்றிய குற்றங்களைப் பற்றியது, ஊராட்சி லைசென்ஸைப் பற்றியது இல்லை. ஒன்றை இன்னொன்றின் மேல் அப்படியே தூக்கி வைப்பவர்களை நம்பாதீர்கள்.

இனி கெந்திங். பலரும் நினைப்பதுபோல நம் சூதாட்டச் சட்டம் குர்ஆனிலிருந்து வந்ததில்லை. சூதுக்கு எதிரான குர்ஆன் வசனங்கள் (2:219, 5:90-91) இங்கே பல நூற்றாண்டுகளாக ஓதப்பட்டு வந்தாலும், ஆங்கிலேயர் காலத்தில் சூதாட்டம் அபின், சாராயம் போலக் குத்தகைக்கு விடப்பட்டு அரசுக் கஜானாவை நிரப்பியது. சிங்கப்பூரில் 1829-லேயே அந்தக் குத்தகை நின்றது. மலாய் மாநிலங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இழுத்தது. குத்தகை போய் வந்தவைதான் இன்றைய சட்டங்களின் மூதாதைகள். 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம், 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம், அதே ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம் எல்லாமே ஆங்கிலச் சட்டத்தின் அச்சில் வார்க்கப்பட்டவை, மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முன்பே வந்தவை. 'பொதுச் சூதாட்ட விடுதி' என்ற சொல்லே இங்கிலாந்துச் சரக்கு. அந்தச் சட்டங்களின் வடிவம் ஒன்றே: எல்லாம் தடை, அமைச்சர் அனுமதித்தது மட்டும் விலக்கு. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஏ பிரிவு என்ற அந்த விலக்கு வழியாகத்தான் ஒரே ஒரு கேசினோ நிற்கிறது. 1969-இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் அரசு, அரசுப் பணம் செலவழிக்காமல் மலையுச்சியில் சாலையும் ஹோட்டலும் போட முன்வந்த லிம் கோ தோங்குக்கு அந்த லைசென்ஸைத் தந்தது. ஹோட்டல் 1971-இல் திறந்தது. லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. முஸ்லிமுக்கும் 21 வயதாகாதவருக்கும் உள்ளே இடமில்லை.

அந்த மூன்று மாதக் கணக்கும் மலையுச்சியும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மதம் இங்கே 'கூடாது' என்று சொல்லி ஒழித்ததில்லை. 'எங்கே, யாருக்கு, எத்தனை, யார் பெயரில்' என்பதை வரையறுத்திருக்கிறது. அரசு 1969-இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் டோட்டோ என்ற நம்பர் குலுக்கல் நிறுவனம் 1985-இல் தனியார் கைக்குப் போனது. அரசே நடத்திய சமூகநல லாட்டரி 1990-களின் தொடக்கத்தில் நின்றது. ஆனால் தனியாரிடம் வரி வாங்குவது நிற்கவில்லை. அரசு குலுக்குபவராக இருக்கக் கூடாது, வசூலிப்பவராக இருக்கலாம் என்ற ஓர் ஏற்பாடு படிந்துவிட்டது. அந்த வரி பொதுக் கஜானாவில் சேர்கிறது. ஜக்காத், ஃபித்ரா, பைத்துல்மால் என்ற இஸ்லாமியச் சமயப் பணம் மட்டும் அதில் கலக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 97(3) விதி தனியே பிரித்து வைக்கிறது. சுத்தமான பணத்தை ஒதுக்கி வைத்தாயிற்று. சூதாட்டப் பணம் சாலைக்கும் சம்பளத்துக்கும் போகிறது, யாரும் ரொம்பக் கிளறுவதில்லை.

மதத்தின் பலம் எங்கே என்று பார்க்க 2010-ஐப் பாருங்கள். விளையாட்டுப் பந்தயத்துக்கு ஒரு நிறுவனத்துக்கு அரசு அனுமதி தந்திருப்பது மே மாதம் வெளியே வந்தது. முஸ்லிம் அமைப்புகளும் எதிர்க்கட்சிகளும் எழும்ப, ஜூன் இறுதியில் பிரதமர் நஜிப் லைசென்ஸ் கிடையாது என்று அறிவித்தார். அப்போது எதிர்க்கட்சி ஆண்ட மாநிலங்கள் கடை லைசென்ஸ் தரமாட்டோம் என்று மிரட்டின. பினாங்கும் அதில் ஒன்று. முஸ்லிம் அல்லாத முதலமைச்சர் கையிலும் அதே சாவி! ஆனால் அந்தக் கூச்சலில், நாலு நம்பர் நடத்தும் மெக்னம் நிறுவனத்தின் ஒரு கடைகூட மூடவில்லை. புதியதைப் பிறக்கவிடாமல் செய்ய மதத்தால் முடியும், பிறந்து வரி கட்டிக்கொண்டிருப்பதைக் கொல்ல முடியாது. கூட்டரசு மட்டத்தில் நான் பார்த்தவரை இதுதான் விதி. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குவார்கள். புதன், சனி, ஞாயிறு போக வரும் சிறப்புக் குலுக்கல்களை 2019 பட்ஜெட் பாதியாக்கியது. பிறகு எண்ணிக்கை மறுபடி ஏறியது. 2022 டிசம்பரில் அன்வார் அரசு 22-இலிருந்து 8 ஆக்கியது. அதே 2019 பட்ஜெட் கேசினோவின் ஆண்டு லைசென்ஸ் கட்டணத்தை 12 கோடி வெள்ளியிலிருந்து 15 கோடியாக உயர்த்தி, வரியை மொத்த வருமானத்தில் 35 விழுக்காடு வரை கொண்டுபோனது. கண்டிப்புக்குக் கண்டிப்பு, வருமானத்துக்கு வருமானம்.

பக்கத்து நாடுகளில் வேறு மாதிரி நடந்தது. இந்தோனேசியாவில் அரசு ஆதரவோடு நடந்த எஸ்டிஎஸ்பி லாட்டரி, முஸ்லிம் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு 1993-இல் மூடப்பட்டது. அங்கே பழையதையும் கொல்ல முடிந்தது, காரணம் அரசே அதன் முதுகில் உட்கார்ந்திருந்ததுதான். சிங்கப்பூரில் 2005-இல் கேசினோவுக்கு முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அரசு கேசினோவை அனுமதித்து, எதிர்ப்பை நுழைவுக் கட்டணமாக மாற்றியது. குடிமக்களுக்கு 100 டாலர், 2019 முதல் 150. குடும்பத்தினரே மனு போட்டு ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் ஏற்பாடும் வந்தது. உங்கள் தோட்டத்தில் புருஷன் சம்பளத்தோடு நேரே நம்பர் கடைக்குப் போவதைப் பார்த்த பெண்களிடம் கேட்டால், எந்த மதத்துத் தடையைவிடவும் இந்த மனுதான் வேண்டும் என்பார்கள்.

நம் பக்கம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடித் தோற்றவன் புலம்பும் பாடல் உண்டு. மனுஸ்மிருதி சூதாட்டத்தைத் தடை செய்யும்படி அரசனுக்குச் சொல்கிறது. கௌடில்யரோ சூதாட்டத்துக்கென்று ஓர் அதிகாரியை வைத்து, ஒரே இடத்தில் ஆடவிட்டு, வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு எடுக்கச் சொல்கிறார். கெந்திங்கின் கொள்ளுத்தாத்தா! வள்ளுவர் சூது அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கு அடுத்து வைத்தார். பாவம் என்று மிரட்டுவதைவிட நட்டம் என்று கணக்குக் காட்டுகிறார். கருத்து நிறைய இருக்கிறது, அதை அமைச்சரவைக்குக் கொண்டுபோக ஒரே குரலில் பேசும் அமைப்புத்தான் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கில் இந்துக்கள் 6.1 விழுக்காடு. அந்த 6.1-க்குள்ளும் முனியாண்டி கோயிலில் அருள் வந்தவரிடம் நம்பர் கேட்பவர் உண்டு, விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணைக் குறித்துக்கொள்பவர் உண்டு, சீனர் கடையில் கனவுப் புத்தகம் புரட்டுபவர் உண்டு. இந்து மதம் சூதாட்டத்தை ஏற்கிறதா என்றால், நூலில் இல்லை, நடப்பில் பாதி. மதம் ஒன்றாகவே இருந்தாலும் கொள்கை ஒன்றாவதில்லை என்பதற்குத் தமிழ்நாடும் கேரளாவும் போதும். கேரள அரசு 1967 முதல் தானே லாட்டரி நடத்துகிறது. தமிழ்நாடு 2003-இல் எல்லா லாட்டரியையும் தடை செய்தது. அங்கே பேசப்பட்டது ஏழைக் குடும்பங்கள் அழிவது, கடவுள் இல்லை.

கடை மூடியதால் உங்கள் டவுனில் என்ன மாறும் என்பதற்கு முதலில் கணக்கு. நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். பந்தயத்தில் 'பெரிசு', 'சின்னது' என்று இரண்டு வகை. 'பெரிசு' ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்துக்கு 180 வீதம், ஆறுதல் பரிசு பத்துக்கு 60 வீதம். கூட்டினால் 6,400. பத்தாயிரம் வெள்ளி போட்டு எல்லா எண்ணையும் வாங்கினால் 6,400 திரும்ப வரும். அதாவது வெள்ளிக்கு 64 காசு. 'சின்னது' 3,500, 2,000, 1,000, கூட்டினால் 6,500, ஆக 65 காசு. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் ஒருவர் வாரம் மூன்று குலுக்கல், ஒவ்வொன்றிலும் ஐந்து நம்பர், நம்பருக்கு இரண்டு வெள்ளி 'பெரிசு' என்று எடுத்தால் வாரம் 30, ஆண்டுக்கு 1,560 வெள்ளி. நீண்ட ஓட்டத்தில் அதில் 560 வெள்ளிபோலப் போய்விடும். முதல் பரிசு சராசரியாக 13 ஆண்டுக்கு ஒருமுறை வரும், வந்தால் 5,000 வெள்ளி. சின்னப் பரிசு எதுவாவது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ அடிக்கும். ஆளை விடாமல் பிடித்து வைப்பது அந்தச் சின்னப் பரிசுதான்.

லைசென்ஸ் இல்லாமல் பந்தயம் வாங்கும் கள்ள நம்பர்காரர் வரி கட்டுவதில்லை, கடை வாடகை இல்லை. அதனால் பரிசைக் கூட்டிச் சொல்வார், கழிவு தருவார், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் தருவார். லைசென்ஸ் கடையில் கையில் காசு இருந்தால்தான் நம்பர். இங்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், கணக்குச் சம்பள நாளில். 30 வெள்ளிக்காரர் 100 வெள்ளிக்காரர் ஆவதும், ஆலோங் என்ற கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்பதும் இந்தக் கடன் வழியாகத்தான். பெரிய பரிசு அடித்து ஆள் கொடுக்காமல் ஓடினால் வழக்குப் போட முடியாது, 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. போலீசுக்குப் போனால் நீங்களும் மாட்டுவீர்கள். பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஆடியவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நம்பர் எழுதிச் சேர்ப்பவர்மீது 4ஏ பிரிவு விழுந்தால் 20,000 முதல் 200,000 வெள்ளி, கூடவே 5 ஆண்டு வரை சிறை. முதலாளி மாட்டுவது அரிது. மாட்டுவது கையில் சீட்டும் கைத்தொலைபேசியும் வைத்திருக்கும் லயத்துப் பையன்.

கடை மூடினால் ஆட்டம் குறையுமா, ஒளிந்துகொள்ளுமா? இரண்டு பக்கமும் உறுதியாகப் பேசுகிறார்கள், என் காதில் இரண்டுமே சற்று மிகையாகத்தான் விழுகிறது. எப்போதாவது ஆசைக்கு ஒரு நம்பர் எடுத்தவர், பக்கத்தில் கடை இல்லையென்றால் விட்டுவிடுவார். அடிமையானவர் விடமாட்டார், இடம் மாறுவார். கெடா அரசின் முடிவு பக்தியா, வாக்கா என்பதும் இப்படித்தான். முடிவின் காகிதம் லைசென்ஸ் பற்றி மட்டுமே பேசும், மனத்தைப் பற்றிப் பேசாது. கூட்டரசுச் சட்டத்தைப் பொறுத்தவரை, மதக் காரணம் என்று யாரும் எழுதத் தேவையே இல்லை. 1988-இல் சே ஓமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 3-ஆவது விதியில் வரும் இஸ்லாம் சடங்கு, சம்பிரதாயங்களைக் குறிக்கும், நாட்டின் பொதுச் சட்டம் சமயச் சார்பற்றது என்று விளக்கியது.

உங்கள் கடைசிக் கேள்வி, கோயில் லக்கி டிரா. இதில்தான் நம் கமிட்டிகள் அறியாமல் சிக்குகின்றன. காசு கொடுத்து வாங்குவது, அதிர்ஷ்டத்தால் தேர்வது, பரிசு தருவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி. மேலே 'திருப்பணி நன்கொடை' என்று அச்சடித்தாலும் லாட்டரிதான். 1952-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் பொருந்தும், கோயிலுக்கென்று தனி விலக்கு இல்லை. எனவே டிக்கெட் அச்சுக்குப் போகும் முன் நிதியமைச்சின் சூதாட்டக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். விண்ணப்பத்தில் சங்கப் பதிவு எண், எத்தனை டிக்கெட், என்ன விலை, பரிசுப் பட்டியல், குலுக்கும் நாளும் இடமும், வரும் பணம் எதற்கு என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கட்டும். அனுமதி வரும்வரை ஒரு புத்தகம்கூட வெளியே போகக் கூடாது. அவ்வளவு நேரம் இல்லையென்றால் மூன்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள்: திருவிழாவுக்கு வரும் எல்லோருக்கும் இலவசமாக எண் சீட்டுக் கொடுத்துக் குலுக்குங்கள், உண்டியலைத் தள்ளி வேறு இடத்தில் வையுங்கள், சீட்டுக் கொடுக்கும் மேசையில் காசு வாங்காதீர்கள்.